பிறர் போரும் நம் போரும்

முதலாம் மகாயுத்தத்தின் காரணங்களைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். வல்லரசுகளின் கூட்டணிகள், ஆயுதப் போட்டி, குடியேற்ற நாடுகளுக்கான போட்டி, தீவிரத் தேசியவாதம், இறுதியாக 1914ஆம் ஆண்டு ஜூன் 28ஆந் திகதி சரயேவோ நகரில் ஒஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்டமை, ஆக ஐந்து. இலக்கமிட்டு எழுதி முடித்துச் சுண்ணக்கட்டித் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு திரும்பினேன். பின் வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"சேர், அந்தப் பிள்ளையளும் எங்கட சண்டையப் படிக்கிறாங்களா?"

"எந்தப் பிள்ளையள், புள்ள?"

"பிரான்சில, ஜேர்மனியில இருக்கிற பிள்ளையள்."

இல்லை என்றேன். அவள் உட்காரவில்லை.

"அப்ப எங்கட சண்டைய ஆரு சேர் படிக்கிற?"

இருட்டுகிறது, பெண்பிள்ளைகள் வீடு செல்லவேண்டும் என்று சாக்குச் சொல்லி வகுப்பைக் கலைத்துவிட்டேன். ஆசிரியத் தொழிலிலே மயிர் நரைத்த ஒருவன் செய்யத்தக்க காரியமன்று அது. அந்தக் கேள்விக்கு அன்று நான் கொடுத்திருக்க வேண்டிய மறுமொழியைத் தேடியே இதனை எழுதுகின்றேன்.

களுதாவளையை அறியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த ஊர் இது. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும், நாங்கள் வாழும் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் எங்கள் முன்னோர் வழங்கினர். மணலிலே கிணறு வெட்டி, நீர் இறைத்து, வெற்றிலையும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைவிப்போரின் பிள்ளைகளே என் மாணவர். உயர்தர வகுப்பில் அவர்கள் சரித்திரத்தைத் தெரிவது பெரும்பாலும் ஆர்வத்தினால் அன்று. கலைப் பிரிவில் பல்கலைக்கழகம் புகுவதற்கு அஃதொரு வழி. பிரெஞ்சுப் புரட்சியும், இத்தாலி, ஜேர்மனி ஆகியவற்றின் ஐக்கியமும், ருஷ்யப் புரட்சியும், இரண்டு மகாயுத்தங்களும் அவர்களுக்கு ஒரு தோணி. கரை சேர்ந்தபின் தோணியை யார் நினைக்கிறார்கள்?

இத்தோணியையே கொளுத்திவிட வேண்டும் என்று கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற பாடத்திட்டம் இது. பிஸ்மார்க்கின் தந்திரங்களை மனனம் செய்யும் பிள்ளைக்குத் தன் ஊர்க் குளத்தைக் கட்டியவன் யாரென்று தெரியவில்லை. ஆதலின் ஐரோப்பாவை அகற்றிவிட்டு ஆசியாவைப் படிப்போம், நம்மைப் படிப்போம் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் நியாயமே இல்லையென்று யான் கூறமாட்டேன். எனினும் அது முழு உண்மையன்று. ஐரோப்பாவின் போர்கள் ஐரோப்பாவில் மட்டும் நடந்தவை என்று எண்ணுகிறவனே அவ்வாறு கூற இயலும். எங்கள் வாவியின் வாயிலில் நிற்கும் கோட்டையைப் பார்த்தவன் கூறமுடியாது.

அக்கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638 மே மாதத்தில், ஒல்லாந்துக் கடற்படைத் தளபதி வெஸ்டர்வோல்ட் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு அதனைக் கைப்பற்றினான். பாடநூல் இதனை "ஒல்லாந்தர் வருகை" என்ற தலைப்பில் இலங்கைச் சரித்திரமாகக் கூறும். ஆனால் ஒல்லாந்தர் எதற்காகப் போர்த்துக்கேயரைத் துரத்தினர்? கறுவா வியாபாரம் ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. மற்றொன்றும் உண்டு. ஒல்லாந்தர் 1568 முதல் ஸ்பானிய மன்னனின் ஆட்சியை எதிர்த்துப் போராடி வந்தனர். 1580இல் போர்த்துக்கலின் முடியும் ஸ்பானிய மன்னனிடமே போய்ச் சேர்ந்தது. ஆகவே போர்த்துக்கேயன் எங்கிருந்தாலும் அவன் ஒல்லாந்தனின் பகைவனானான். ஐரோப்பாவின் தாழ்நாடுகளிலே சமயத்துக்காகவும் வரிக்காகவும் சுதந்திரத்துக்காகவும் மூண்ட தீயின் பொறியொன்று கடல்களைக் கடந்து மட்டக்களப்பு வாவியின் வாயிலில் வந்து விழுந்தது. கோட்டை வீழ்ந்த சில நாட்களுள் எழுதப்பட்ட உடன்படிக்கையிலே, பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை இருப்பது "அரசன் விரும்பினால்" மட்டுமே என்ற சிறு தொடர் அரசனின் பிரதியில் இருந்தது, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை என்ற பிணக்கும் அப்போதே முளைத்துவிட்டது. தன் விடுதலைக்காக எண்பது ஆண்டுகள் பொருத ஒரு மக்கள் கூட்டம், பிறருடைய மண்ணிலே கால் வைத்ததும் செய்த முதற் காரியங்களுள் இஃதொன்று.

அடுத்து 1795. பிரெஞ்சுப் புரட்சியின் சேனைகள் அவ்வாண்டு தொடக்கத்தில் ஒல்லாந்துக்குள் புகுந்தன. அந்நாட்டுத் தலைவன் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினான். அங்கே கியூ மாளிகையிலிருந்து, ஒல்லாந்தரின் குடியேற்றங்களை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் ஒப்படைக்குமாறு அவன் கடிதங்கள் எழுதினான். ஆகஸ்ட் மாதத்தில் திருகோணமலை வீழ்ந்தது. செப்டெம்பரில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் வீழ்ந்தன. 1796 பெப்ரவரியில் கொழும்பு. சமத்துவம், சகோதரத்துவம் என்று பாரிஸ் வீதிகளிலே எழுந்த முழக்கத்தின் விளைவாக எங்கள் கோட்டையிலே ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறிற்று. என் மாணவர் பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளைத் திகதியோடு கூறுவர். மட்டக்களப்புக் கோட்டை கைமாறிய ஆண்டையும் கூறுவர். ஒன்று இன்னொன்றினால் நிகழ்ந்தது என்பதை மட்டும் அறியார். ஒன்று "ஐரோப்பிய வரலாறு" என்ற வினாத்தாளிலும் மற்றது "இலங்கை வரலாறு" என்ற வினாத்தாளிலும் வருவதால் இரண்டும் சந்திப்பதே இல்லை.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆந் திகதியைப் பற்றியோ, எங்கள் கரையோரத்து முதியவர்கள் தம் தாய் தந்தையர் வாய்க் கேட்டதாகக் கதைகள் கூறுவர். அன்று ஹேர்மிஸ் என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் தாக்கி மூழ்கடித்தன. அதனோடு சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கிற்று. ஹேர்மிஸில் மட்டும் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்கப்பல் இன்றும் கடலடியிற் கிடக்கின்றது. அந்நியச் சுழியோடிகள் அதனைப் பார்க்க வருகின்றனர். இரண்டாம் மகாயுத்தத்தின் துண்டொன்று எங்கள் மீனவர் வலை வீசும் நீரின் அடியிலே துருப்பிடித்துக்கொண்டிருக்கும்போது, அந்த யுத்தம் வேறு யாருடையதோ என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் துணிவு எமக்கு எப்படி வருகின்றது?

ஆகவே ஐரோப்பாவின் சரித்திரத்தை விலக்கிவிடு என்பது, நம் சரித்திரத்தில் பாதியை விலக்கிவிடு என்பதேயாகும். குறை படிப்பதில் இல்லை. படிக்கும் முறையில் இருக்கின்றது.

அந்த மாணவி கேட்டதன் முதற் பாதிக்கு இங்கே ஒரு மறுமொழி கிடைக்கின்றது. ஐரோப்பியப் பிள்ளைகள் நம்மைப் படிப்பதில்லை; நம்மைப் படியாததோடு, நம்மிடத்துத் தாம் செய்ததையும் வெகுகாலம் படிக்கவில்லை. 1884ஆம் ஆண்டின் முடிவில் பேர்லினில் கூடிய வல்லரசுகள், ஆபிரிக்காவைப் பங்கிடுவதற்கான விதிகளை வகுத்தபோது ஓர் ஆபிரிக்கனைத்தானும் மேசையில் அமர்த்தவில்லை. முதல் மகாயுத்தத்துக்குப் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. 1945 மே 8ஆந் திகதி நாசிகள் சரணடைந்ததை ஐரோப்பா கொண்டாடிய அதே நாளில், அல்ஜீரியாவின் செத்தீப் நகரில் தமக்கும் சுதந்திரம் வேண்டுமென்று கொடி பிடித்தவர்களைப் பிரெஞ்சு அதிகாரம் சுட்டது. அடுத்து வந்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மார்த்தினிக்குத் தீவின் கவிஞர் எமே செசேர் 1950இல் வெளியிட்ட சிறு நூலில் ஐரோப்பாவின் முகத்துக்கெதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்தார். ஹிட்லரிடத்தில் ஐரோப்பிய கனவான்களால் மன்னிக்க முடியாதது குற்றம் அன்று, கறுப்பருக்கும் ஆசியருக்கும் உரியதாக அவர்கள் ஒதுக்கி வைத்திருந்த கொடுமையை அவன் வெள்ளையர்மேல் ஏவியதே என்பது அவர் வாதத்தின் சாரம். இதனை வாசிக்கும் நம்மவருக்கு உள்ளம் குளிரும்.

உள்ளம் குளிர்வதில்தான் எனக்கு ஐயம். ஏகாதிபத்தியத்தின் கொடுமையைக் கூறிக் கூறி, என்றும் பிறர் கையால் அடிபட்டவர்களாகவே நம்மை நாம் கண்டுகொள்வது ஒரு சுகம். அடிபட்டவனுக்குக் கணக்குக் கொடுக்கும் கடமை இல்லையே! இவ்விடத்தில் என் நண்பர்களிடமிருந்து நான் பிரிகின்றேன். ஐரோப்பாவின் சரித்திரத்திலிருந்து நாம் கற்கவேண்டியது அவர்களுடைய குற்றங்களை மட்டும் அன்று. குற்றத்தைப் பற்றி எண்ணுவது எவ்வாறு என்பதையும் கற்கவேண்டும்.

காரணங்கள் ஐந்து என்று எழுதினேனே, அதை எடுத்துக்கொள்வோம். ஒரு போருக்குக் காரணம் கூறுவது அறிவின் வேலை. மின்னலுக்குக் காரணம் உண்டு. அதன்மேல் பழி சுமத்துவாரில்லை. போரும் அத்தகையதா? ஃபிரிட்ஸ் ஃபிஷர் என்ற ஜேர்மானிய வரலாற்றாசிரியர் 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். முதலாம் மகாயுத்தத்துக்கு எல்லோருமே ஓரளவு காரணம், எல்லோருமே அதற்குள் வழுக்கி விழுந்தனர் என்று ஜேர்மனி தன்னைத் தேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியன்று, ஜேர்மனியின் ஆட்சியாளர் உலக ஆதிக்கத்தை விரும்பி அப்போரின் அபாயத்தைத் தெரிந்தே ஏற்றனர், முதன்மையான பொறுப்பு அவர்களுடையதே என்று பழைய அரசாங்க ஏடுகளைத் திறந்துகாட்டி எழுதினார். அவருடைய நாட்டவரே அவரைத் தூற்றினர். 1964இல் அமெரிக்காவில் விரிவுரையாற்ற அவருக்கு வழங்கவிருந்த உதவிப் பணமும் நிறுத்தப்பட்டது. ஃபிஷர் கூறியது முழுவதும் சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நம் வகுப்பிலோ அந்தப் பெரும் வழக்கு ஐந்து இலக்கங்களாக வந்து சேர்கின்றது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு புள்ளி. அங்கே ஒரு மனிதனும் இல்லை.

மனிதனைக் காட்டுவதற்கு வேறொரு நூல் உதவும். கிறிஸ்டோபர் பிரவுனிங் என்ற அமெரிக்க ஆசிரியர் 1992இல் எழுதியது. ஹம்பேர்க் நகரிலிருந்து போலந்துக்கு அனுப்பப்பட்ட 101ஆம் இலக்கச் சேமப் பொலிஸ் படையைப் பற்றியது. அப்படையில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் இருந்தனர். பெரும்பாலும் நடுவயதினர், குடும்பத்தினர், துறைமுகத்திலும் கடையிலும் கந்தோரிலும் வேலை செய்தவர்கள். 1942 ஜூலை 13ஆந் திகதி விடியற்காலை யோசெபோவ் என்ற கிராமத்தில் அவர்களை நிறுத்தி, அங்குள்ள யூதர்களைப் பெண்கள் பிள்ளைகள் உட்படச் சுட்டுக் கொல்ல வேண்டும் என்று தளபதி கட்டளையிட்டான். கட்டளையிடும்போது அவன் கண்கள் கலங்கியிருந்தன என்று பின்னர் சாட்சியம் கூறினர். அத்தோடு, முதியவர்களுள் இதனைச் செய்ய மனமில்லாதவர் விலகி நிற்கலாம் என்றும் அவன் சொன்னான். விலகியவர் பன்னிரண்டு பேரளவில். மற்றவர்கள் அன்றைய பகற்பொழுதில் ஆயிரத்தைந்நூறு உயிர்களைக் கொன்றனர். விலகியவர்களுக்குப் பாரதூரமான தண்டனை எதுவும் கிடைக்கவில்லை.

அந்தப் பன்னிருவரே என் நித்திரையைக் கெடுப்பவர்கள். கூட்டணி, தேசியவாதம், பொருளாதார வீழ்ச்சி, வெர்சேல்ஸ் உடன்படிக்கையின் அவமானம், நாசிப் பிரசாரம் என எத்தனை காரணங்களை அடுக்கினாலும் அவை யாவும் அவர்களுக்கும் பொதுவே. ஐந்நூறு பேருக்கும் ஒரே நாடு, ஒரே காலம், ஒரே சீருடை. காரணம் அவர்கள் எல்லோரையும் அந்தச் சந்தை வெளிவரை கொண்டுவந்து நிறுத்திற்று. அதற்குமேல் ஒரே ஓர் அடி இருந்தது. அந்த அடியைக் காரணம் வைக்கவில்லை. ஒவ்வொருவனும் தானே வைத்தான். சமுதாய நிலைமைகளே மனிதனின் சிந்தனையை உருவாக்குகின்றன என்பதை நான் இளமை முதலே நம்புகின்றவன், இன்றும் நம்புகின்றேன். எனினும் அந்த ஓர் அடியளவு நிலத்தை மனிதனுக்கு விட்டுவைக்காத கொள்கை எதுவாயினும், கொன்றவனுக்கு அது தரும் ஆறுதல் கொல்லப்பட்டவனுக்குத் தரும் நீதியிலும் மிகுதியாகிவிடும்.

இனி எங்கள் வீதிக்கு வருவோம்.

1990ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டெம்பர் வரையான நான்கு மாதங்களில் கிழக்கிலே நடந்தவற்றைத் திகதி வரிசைப்படி கூறுகின்றேன். ஜூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது, சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரை விடுதலைப் புலிகள் கொண்டுசென்று கொன்றனர். ஜூலையில், காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்டுப் புலிகளால் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3ஆந் திகதி இரவு காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர்; அடுத்த வாரம் ஏறாவூரில் பெண்கள் குழந்தைகள் என்றும் பாராது நூற்றுக்கு மேற்பட்டோரை வெட்டியும் சுட்டும் கொன்றனர். செப்டெம்பர் 5ஆந் திகதி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த தமிழர்களுள் 158 பேரை இராணுவம் பிடித்துச் சென்றது, அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் 184 தமிழர், கைக்குழந்தைகள் உட்பட, இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

இப்பந்தியை வாசிக்கும் தமிழ் வாசகர் கடைசி இரு செய்திகளில் சற்றுத் தரித்திருப்பார். முஸ்லிம் வாசகர் நடுவிலே தரித்திருப்பார். சிங்கள வாசகர் ஒருவர் இதனைப் படிக்க நேர்ந்தால் முதற் செய்தியில் தரித்திருப்பார். நானும் அப்படித்தான். வந்தாறுமூலை எனக்கு ஒரு புண்; காத்தான்குடி எனக்கு ஒரு செய்தி. இவ்வாறு இருப்பதையிட்டு நான் வெட்கப்படுகின்றேன். சத்துருக்கொண்டானில் ஒரு நினைவுத்தூண் நிற்கின்றது. காத்தான்குடிப் பள்ளிவாசற் சுவரிலே குண்டு துளைத்த தடங்களை அழியவிடாது காத்துவருகின்றனர். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 3ஆந் திகதியை நினைவு நாளாகக் கொள்கின்றனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே பஸ்ஸில் ஒரு மணி நேரங்கூடச் செல்லாது. இங்கு அழுகிறவர் அங்கு போய் அழுததில்லை.

குருக்கள்மடமோ எங்களுக்கு இன்னும் அருகில். களுதாவளையிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுகின்ற பிள்ளை ஒவ்வொன்றும் அதனைக் கடந்தே செல்கின்றது. இறந்தோரைப் புதைத்ததாகக் கூறப்படும் இடத்தைத் தோண்டுமாறு 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் கட்டளையிட்டது; வேலை அவ்வாண்டு தொடங்காமலே ஒத்திவைக்கப்பட்டது. யோசெபோவ் எங்கே இருக்கின்றதென்று தேசப்படத்திலே தேடிக் காட்டும் ஆசிரியன், இந்த இடத்தைக் கடக்கும்போது பஸ்ஸின் மறுபக்கத்து யன்னலைப் பார்க்கின்றான்.

இதற்கு என் குடும்பத்திலேயே ஒரு காரணம் உண்டு. என் தாய்மாமன் வெங்காயமும் வெற்றிலையும் பயிரிட்டவர். காத்தான்குடி வியாபாரி ஒருவர் மாதத்தில் இருமுறை லொறியில் வந்து விளைவை ஏற்றிச் செல்வார். மாமா அவரைக் "காக்கா" என்று அழைப்பார். அவர் மாமாவை "தம்பி" என்பார். 1990இன் தொடக்கத்தில் அடுத்த போக வெங்காயத்துக்கென அவர் மூவாயிரம் ரூபா முற்பணம் கொடுத்தார். மாமா அதைத் தம் கணக்குக் கொப்பியில் திகதியிட்டு எழுதினார். அதன்பின் அந்த மனிதர் வரவில்லை. என்னவானார் என்று மாமா விசாரிக்கவுமில்லை. முதலில் வீதி திறந்திருக்கவில்லை, பிறகு பயம், அதற்கும் பிறகு, இவ்வளவு காலம் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். மாமா இறந்து பல ஆண்டுகளாயின. அவர் யாரையும் கொன்றவர் அல்லர், காட்டிக் கொடுத்தவர் அல்லர். ஆயினும் அக்கொப்பியை அவர் எரிக்கவுமில்லை, அந்தக் கணக்கைத் தீர்க்கவுமில்லை. இப்போது அது என் அலுமாரியில் இருக்கின்றது. காத்தான்குடிக்கு நான் எத்தனையோ முறை துணி வாங்கச் சென்றிருக்கின்றேன். கொப்பியைக் கொண்டு சென்றதில்லை.

மறப்பதே நல்லது, கிளறினால் மீண்டும் பற்றும் என்று கூறுவோர் உளர். அவர்களை நான் இகழமாட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் அவர்களுள் உளர். ஐரோப்பாவிலும் ஒரு நாடு இதனைச் செய்து பார்த்தது. ஸ்பெயினில் 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போரும் அதன்பின் வந்த பிராங்கோவின் ஆட்சியும் எண்ணற்றோரை வீதியோரக் குழிகளில் தள்ளின. 1975இல் பிராங்கோ இறந்தான். 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. வலதுசாரியும் இடதுசாரியும் கூடி, பழையதைப் பேசுவதில்லை என்று இணங்கினர். அந்த மௌனத்தின் மீதே அங்கு ஜனநாயகம் எழும்பிற்று என்பதையும் நேர்மையாக ஒப்பவேண்டும். ஆனால் 2000ஆம் ஆண்டில் ஒரு பேரன் தன் பாட்டனின் எலும்பைத் தேடி லெயோன் பிரதேசத்தில் ஒரு குழியைத் தோண்டினான். பதின்மூன்று பேரின் எலும்புகள் அகப்பட்டன. அதன்பின் நாடெங்கும் தோண்டினர். 2007இல் அதற்கென ஒரு சட்டமே தேவைப்பட்டது. மௌனம் கடனைத் தள்ளுபடி செய்யவில்லை. பேரன் தலைமுறைக்கு எழுதிவைத்தது.

பேசியவர்களுக்கும் அது இலகுவாக வந்ததன்று. ஜேர்மானியத் தலைவர் வில்லி பிராண்ட் 1970 டிசெம்பரில் வார்சோவில் கொல்லப்பட்ட யூதரின் நினைவுச் சின்னத்தின் முன் முழந்தாளிட்டதைப் பாடநூல்கள் இன்று போற்றும். அன்று கருத்துக் கேட்டபோது ஜேர்மானியருள் ஏறத்தாழப் பாதிப் பேர் அது மிகை என்றே கூறினர். 1942இல் பதின்மூவாயிரம் யூதரைப் பாரிஸில் பிடித்துக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுப் பொலிஸாரே என்பதை ஒரு பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புவதற்கு 1995 ஆயிற்று. ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் பொதுவான சரித்திரப் பாடநூலொன்று 2006இல்தான் வெளிவந்தது. வென்றவனும் தோற்றவனும் ஒரே புத்தகத்தில் ஒரே போரைப் படிக்க அறுபது ஆண்டுகள் பிடித்தன. பொஸ்னியாவிலோ, 1995இல் போர் முடிந்தபின்னும் ஒரே கட்டடத்தில் இரு பாடசாலைகள் நடத்தினர். ஓரினப் பிள்ளைகள் ஒரு வாயிலால், மற்றோரினப் பிள்ளைகள் மறு வாயிலால். எங்கள் கரையில் ஒரே கட்டடங்கூட இல்லை. தமிழ்ப் பாடசாலை தமிழூரில், முஸ்லிம் பாடசாலை முஸ்லிமூரில். இருவருக்கும் மொழி ஒன்று, பாடநூல் ஒன்று, பரீட்சை ஒன்று. அந்தப் பாடநூலில் 1983 முதல் 2009 வரை இந்நாட்டில் நடந்த யுத்தத்துக்கென ஓர் அத்தியாயத்தை நான் காணவில்லை. ஆளுக்கொரு யுத்தத்தை வீட்டிலே, குசினியிலே, தாழ்ந்த குரலிலே கற்றுக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் வந்து இருவரும் ஒன்றாகச் சரயேவோவைப் பற்றி எழுதுகின்றனர்.

அப்படியாயின் வகுப்பிலே பேசிவிடுவதுதானே என்று வாசகர் கேட்கலாம். கேள்வி கேட்ட மாணவியை நினைக்கின்றேன். அவளுடைய தாயின் தகப்பனார் 1990இல் வீட்டிலிருந்து சென்றவர் திரும்பவில்லை என்பது ஊரறிந்தது. அவரைக் கொண்டு சென்றவர் யார் என்பதில் அவ்வீட்டாரிடையே இரண்டு கதைகள் உண்டு. எதனைக் கூறுவது என்பது கேட்பவரைப் பொறுத்தது. அவள் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பெரியப்பா ஓர் இயக்கத்தில் இருந்தவர். 2004இல் புலிகள் இரண்டாகப் பிரிந்து வெருகலில் ஒருவரையொருவர் கொன்றபோது எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதை அவ்வீட்டில் யாரும் கேட்பதில்லை. ஒரே வாங்கிலே இருக்கின்றனர் இருவரும். ஒரே அழிறப்பரைப் பாவிக்கின்றனர். சிறு பிள்ளைகளின் தோளில், பெரியவர்கள் நாம் சுமக்க அஞ்சியதை ஏற்றுவதற்கு எனக்கு உரிமை உண்டா? இக்கேள்வியை நான் பல நாள் புரட்டிப் பார்த்தேன். ஏற்றுவது என்ற சொல்லே பிழை என்று இப்போது தோன்றுகின்றது. அவர்கள் ஏற்கெனவே சுமக்கின்றனர். அதைக் கீழே இறக்கிவைத்துப் பார்ப்பதற்கு ஓர் இடம் கேட்டாள் அவள். நான் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

ஒன்று மட்டும் தீர்மானித்திருக்கின்றேன். எங்கிருந்து தொடங்குவது என்பதே அது. எம்மவர் இழந்ததிலிருந்து தொடங்கினால் அது பிரசாரமாகிவிடும். கேட்பவன் அடுத்த வாக்கியத்தை முன்னரே அறிவான். எம்மவர் செய்ததிலிருந்து தொடங்கினால்தான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர். அதன்பின் எமக்கு இழைக்கப்பட்டதைக் கூறும்போது அது வழக்குரையாக இராது, சரித்திரமாக இருக்கும். ஃபிஷர் தன் நாட்டின் ஏடுகளைத்தான் திறந்தார். அயல்நாட்டின் ஏடுகளை அன்று. காத்தான்குடியிலும் ஓர் ஆசிரியர் தம் பக்கத்து ஏட்டை, 1990இல் தமிழரை இழந்த தமிழ்க் கிராமங்கள் கூறும் கணக்கை, திறக்க வேண்டும்தான். அதனை நிபந்தனையாக்கிக்கொண்டு நான் காத்திருப்பேனாயின், அவரும் என்னைப் பார்த்துக் காத்திருப்பார். இருவருக்கும் ஓய்வூதியம் முடிந்துவிடும்.

அடுத்த கிழமை வெர்சேல்ஸ் உடன்படிக்கை. நட்டஈடு எவ்வளவு, யார் கொடுத்தது, யாருக்கு என்பதெல்லாம் பாடத்தில் வருகின்றன. மாமாவின் கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்திருக்கின்றேன். அட்டை கறையான் தின்றது போக எஞ்சியிருக்கின்றது. எழுத்து நன்றாகவே தெரிகின்றது. அதை முதலில் வகுப்புக்குக் கொண்டு செல்வதா, காத்தான்குடிக்குக் கொண்டு செல்வதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.